சிங்கப்பூரில் வேலைக் காயம்: விக்காவா, வழக்கா?

சாரத்திலிருந்து விழுந்து முழங்காலில் அடி, நாலு மாதம் நொண்டி நடந்தபின் இடுப்பு வலி. இந்த இடுப்பு வேலையால் போனதா, வயசால் போனதா? சண்டை இங்கேதான் தொடங்கும். இழப்பீடு வாங்க இருப்பது இரண்டு வழி, விக்கா அல்லது சிவில் வழக்கு; இரண்டிலும் சேர்த்து வாங்க முடியாது.

விக்கா என்கிற வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டாம், வக்கீலும் தேவையில்லை. ஆனால் விபத்து நடந்து ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும், தொகைக்கு உச்சவரம்பு உண்டு, வலி வேதனைக்கென்று தனிக் காசு கிடையாது. நிரந்தர ஊனம் எத்தனை சதவீதம் என்று மருத்துவர் எழுதுவதுதான் கணக்கு. முதல் நாள் குறிப்பில் முழங்கால் மட்டும் இருந்தால், காப்பீட்டு நிறுவனம் இடுப்பைத் தள்ளிவிடத்தான் பார்க்கும். அதனால் இடுப்பு வலிக்க ஆரம்பித்த அன்றே, “நொண்டுவதால் வலிக்கிறது” என்று மருத்துவரிடம் சொல்லி எழுத வைத்துவிடுங்கள்.

சிவில் வழக்குக்கு மூன்று வருட அவகாசம், உச்சவரம்பு இல்லை, வலிக்கும் பணம் கேட்கலாம். சரி, ஆனால் முதலாளியின் அலட்சியத்தை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், இடுப்புக்கு நிபுணர் அறிக்கை வேண்டும், உங்கள் பக்கமும் தப்பிருந்தால் தொகை குறையும், தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் தலையில் விழலாம். சாரம் சரியாகக் கட்டாததற்குப் படமும் சாட்சியும் இல்லாதவர் விக்காவைக் கைவிட வேண்டாம் என்பேன்.