பள்ளத்தில் இறங்கினால் மேப் போய்விடும்: கிராஃபீன்ஓஎஸ் போனும் கார்த் திரையும், 14 மாத அனுபவம்

போன வாரம் காரின் யூஎஸ்பி போர்ட்டை மாற்றிக் கொடுத்தார்கள். அதே வாரம் கூட வேலை பார்க்கும் நண்பன் கேட்டான்: "மச்சி, நானும் ஒரு பிக்சல் வாங்கி உன்ன மாதிரி கிராஃபீன் போடலாம்னு இருக்கேன். கார்ல ஆண்ட்ராய்டு ஆட்டோ ஒழுங்கா ஓடுதா?" கிராஃபீன்ஓஎஸ் என்பது கூகுளின் பிக்சல் போனில் வரும் சிஸ்டத்துக்குப் பதிலாக நாமே ஏற்றிக்கொள்ளும், அந்தரங்கத்தையும் பாதுகாப்பையும் முன்வைத்துச் செய்த ஆண்ட்ராய்டு. ஆண்ட்ராய்டு ஆட்டோ, போனில் இருக்கும் மேப், பாட்டு, அழைப்புகளைக் கார்த் திரைக்குக் கொண்டுவருவது. இரண்டும் ஒத்துப்போகுமா என்பது, ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை.

போன் பிக்சல் 8ஏ. 2024 மே மாதம் இந்தியாவில் 52,999 ரூபாய்க்கு வந்தது. நான் கொஞ்சம் பொறுத்திருந்து, விலை இறங்கியதும் வாங்கினேன். வாங்கிய அன்றே அதிலிருந்த சிஸ்டத்தை எடுத்துவிட்டு கிராஃபீன்ஓஎஸ் ஏற்றினேன். கார், ஒருவர் ஐந்து வருடம் ஓட்டி விற்றது. ஏழு இன்ச் திரை, கேபிள் செருகினால்தான் ஆண்ட்ராய்டு ஆட்டோ வரும். கேமரா, பேட்டரி எல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதற்குள் நான் போகவில்லை.

இந்தப் போன் பக்கம் நான் வந்ததற்குக் காரணமே அந்தக் கார்தான். வாங்கி வந்த அன்று ப்ளூடூத் இணைக்கப் போனால், திரையில் ஏற்கெனவே நான்கு போன்களின் பெயர்கள் இருந்தன. ஸ்பீட் டயல் பக்கத்தில் ஆறு எண்கள். 'அம்மா', 'வீட்டு ஓனர்', 'பாப்பா ஸ்கூல் வேன்' என்று பெயரோடு. விற்றவருக்கு அதை அழிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. யாரோ ஒருவரின் குழந்தையை ஏற்றிப் போகும் வேன் டிரைவரின் நம்பர் என் கண் முன்னால் இருந்தது. உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தேன். நாளைக்கு நான் இந்தக் காரை விற்கும்போது என் வீட்டு விவரம் இப்படி யாரிடமும் போகக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மனதார ரசித்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஆட்டோவை முதல் தடவை இணைக்கும்போது அது வரிசையாக அனுமதி கேட்கும். இருப்பிடம், மைக், போன், தொடர்புகள், எஸ்எம்எஸ் என்று போகும். தொடர்புகளைக் கொடுக்க மாட்டேன் என்றால் மேலே நகராது. சாதாரண போனில் அங்கே தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. கிராஃபீனில் தொடர்புகளுக்கு ஒரு வேலி போடலாம். அனுமதி கிடைத்துவிட்டது என்று ஆப் நினைத்துக்கொள்ளும், ஆனால் நாம் தேர்ந்தெடுத்த பெயர்கள் மட்டுமே அதன் கண்ணில் படும். என் போனில் இருப்பது எண்ணூறு பேருக்கு மேல். காருக்குத் தெரிந்தது ஐந்தே பேர்: மனைவி, அம்மா, தம்பி, மெக்கானிக், அபார்ட்மென்ட் வாட்ச்மேன். வண்டி ஓட்டும்போது நான் கூப்பிடுவதும் அந்த ஐந்து பேரைத்தான். திரையில் அந்தப் பட்டியலைத் திறந்தால் ஐந்து வரியோடு முடிந்து, கீழே வெறும் கறுப்புத் திரை. அதைப் பார்த்து வந்த நிம்மதி இன்னும் குறையவில்லை.

அதே போல அமைப்புகளில் ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கென்று தனியாக நான்கு சுவிட்ச் இருக்கிறது. கேபிள் இணைப்புக்கு ஒன்று, வயர்லெஸ்ஸுக்கு ஒன்று, ஒலியை எந்த ஸ்பீக்கருக்கு அனுப்புவது என்பதற்கு ஒன்று, போன் அழைப்புகளுக்கு ஒன்று. எதைப் போடுகிறோமோ அந்த அதிகாரம் மட்டும் போகும். கூகுள் சேவைகளும் இங்கே மற்ற ஆப்களைப் போல, தனிச் சலுகை எதுவும் இல்லாமல் கூண்டுக்குள்தான் ஓடுகின்றன. நான் வயர்லெஸ் தவிர மற்ற மூன்றையும் போட்டேன். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. கூகுள் மேப்ஸ் வந்தது, பாட்டு வந்தது. இணையம் இல்லாத இடத்துக்கு என்று ஆர்கானிக் மேப்ஸில் தமிழ்நாட்டை இறக்கி வைத்தேன், அதுவும் கார்த் திரையில் வந்தது.

சரி, இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீடு சென்னை வளசரவாக்கம். தினமும் ஆற்காடு சாலை வழியாகத்தான் போக வேண்டும். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகிற தடம் எங்கள் சாலை வழியாகத்தான் போகிறது. சாலை எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். தோண்டிய இடத்தில் ஜல்லி கொட்டி மேலே தார் ஊற்றியிருப்பார்கள், இரண்டு மழையில் அது உள்வாங்கிவிடும். முன் சக்கரம் அதில் இறங்கி ஏறும்போது 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், திரையில் மேப் காணாமல் போய், கார் தன் முகப்புப் பக்கத்துக்குப் போய்விடும். கூடவே எஃப்எம் ரேடியோ, கடைசியாக வைத்த சத்தத்தில் அலற ஆரம்பிக்கும். போன் கியருக்கு முன்னால் இருக்கும் குழியில் கிடக்கும். சார்ஜ் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். மேப் திரும்பி வராது.

இது வாரத்துக்கு ஒரு தடவை நடந்திருந்தால் விட்டிருப்பேன். வீட்டிலிருந்து வடபழனி போவதற்குள் மூன்று தடவை நடக்கும். ஓரமாக நிறுத்தி, போனை எடுத்து, வியர்த்த விரலை இரண்டு மூன்று முறை வைத்துத் திறந்தால் சில சமயம் தானாகப் பிடித்துக்கொள்ளும். சில சமயம் கேபிளைக் கழற்றித் திரும்பச் செருக வேண்டும். ஓட்டிக்கொண்டே இதைச் செய்யக் கூடாது, நான் செய்யவும் இல்லை. ஆனால் ஆற்காடு சாலையில் காலை ஒன்பது மணிக்கு ஓரம் எங்கே இருக்கிறது?

கேபிள்தான் காரணம் என்று நினைத்து, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் முதலில் கேட்டதே, "சார்ஜிங் மட்டும் போதுமா சார், டேட்டாவும் போகணுமா?" என்பதுதான். டேட்டா போகிற கேபிளில் மூன்று வகை வாங்கினேன். அதில் முழங்கை நீளத்தில் கெட்டியாக இருந்தது ஒன்றுதான் கொஞ்சம் தேவலை. அது போட்ட பிறகு மூன்று தடவை இரண்டு தடவையானது.

ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவை வேளச்சேரியில் கண் டாக்டரிடம் அழைத்துப் போகிறேன், பதினொரு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். நான் மதுரையிலிருந்து வந்து நான்கு வருடம்தான் ஆகிறது. கத்திப்பாரா மேம்பாலத்தில் எந்த வளைவு எங்கே இறக்கிவிடும் என்பது எனக்கு இன்னும் மனப்பாடம் ஆகவில்லை. பாலத்தில் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால், சாலை இணைப்பில் ஒரு தட்டு தட்டியது. மேப் போய்விட்டது, ரேடியோ கத்தியது. பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் அடிக்கிறது. ஒரு நொடியில் முடிவெடுத்துத் திரும்பினேன், தப்பான வளைவு. ஜிஎஸ்டி சாலையில் போய் இறங்கினோம். பின் சீட்டிலிருந்து அம்மா, "ஏம்ப்பா, பிளேன் தெரியுது?" என்றார். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார், வெயில் வேறு. திரும்பி வந்து சேர முப்பத்தைந்து நிமிடம் கூடுதலாக ஆனது, டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று அந்தப் போனைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அப்புறம் சர்வீஸ் சென்டர். மூன்று தடவை போனேன். முதல் தடவை, "சார், போன்ல ஏதோ கஸ்டம் போட்டிருக்கீங்க, அதான் பிரச்சினை" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை அவர்கள் போனைச் செருகிக் காட்டினார்கள். நின்றிருந்த வண்டியில், வழவழப்பான தரையில், அது அருமையாக ஓடியது. நிற்கிற வண்டியில் என் போனும்தான் ஓடும். மூன்றாவது தடவை நான் கிளம்பவில்லை. இதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மனைவியின் போனைச் செருகி அதே ஆற்காடு சாலையில் ஓட்டிப் பார்த்திருந்தேன். அவள் போனிலும் மேப் போனது! ஆனால் ஐந்தாறு நொடியில் தானாகத் திரும்பி வந்துவிட்டது. அதனால்தான் இத்தனை நாள் அவள் ஓட்டும்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அங்கே இருந்த ஒரு சின்னப் பையனிடம், "தம்பி, உங்க போனையே செருகுங்க, பின்னாடி தெரு வரைக்கும் என்கூட வாங்க" என்றேன். வந்தார். வேகத்தடையில் ஏறி இறங்கியதும் அவர் போனிலும் திரை ஒரு முறை மின்னி அணைந்து வந்தது. வண்டியை நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தார். போர்ட்டுக்குள் இருக்கும் அந்தச் சின்ன நாக்கு ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது. விரல் நகத்தால் தொட்டால் அசைந்தது. முந்தைய ஓனர் ஐந்து வருடம் செருகிக் கழற்றியதில் தளர்ந்திருக்கிறது. போர்ட்டை மாற்ற 1,850 ரூபாய் ஆனது. அந்தப் பையன் மட்டும் இல்லையென்றால் இன்னும் என் போனைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஆக, குற்றம் காரில். அப்படியானால் என் போன் மட்டும் ஏன் திரும்பப் பிடிக்கவில்லை? இதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு இத்தனை மாதம் ஆனது. கிராஃபீனில் யூஎஸ்பி போர்ட்டுக்கு என்று ஒரு அமைப்பு உண்டு. நாம் எதையும் தொடாவிட்டால் அது 'பூட்டியிருக்கும்போது சார்ஜ் மட்டும்' என்ற நிலையில் இருக்கும். பூட்டிய போனில் யாராவது கருவியைச் செருகி உள்ளே இருப்பதை உருவ முயன்றால், டேட்டா போகிற பாதையே அடைபட்டிருக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பைப் போன் பூட்டிய பிறகும் அது துண்டிக்காது. ஆனால் அந்த இணைப்பு ஒரு முறை அறுந்துவிட்டால், அடுத்து வருவது புது இணைப்பு. பூட்டிய போனில் புது இணைப்புக்கு இடமில்லை. பள்ளத்தில் கால் நொடி அறுந்தாலும் போனுக்கு அது வேறு யாரோ வந்து செருகியதுதான். என் காரா, திருடனின் கருவியா என்று அதற்கு எப்படித் தெரியும்? தெரியாதபோது கதவைச் சாத்துவதுதான் சரி. நான் எதற்காக இந்தப் போனை வாங்கினேனோ அதைத்தான் அது செய்திருக்கிறது.

இது புரிந்ததும் போன் மேல் இருந்த கோபம் பாதி போனது. பாதி இருக்கிறது, ஏனென்றால் மேப் போன காரணத்தை அது எனக்குத் திரையில் ஒரு வரி சொல்லியிருக்கலாம். 'பூட்டியிருப்பதால் புது இணைப்பு தடுக்கப்பட்டது' என்று ஒரே ஒரு வரி கண்ணில் பட்டிருந்தால் மூன்று கேபிளும், ஒரு டாக்டர் நேரமும் மிச்சம்.

அந்த அமைப்பை மாற்றி எப்போதும் திறந்தே வைக்கலாம்தானே என்பீர்கள். வைக்கலாம். இரண்டு நாள் வைத்தும் பார்த்தேன், மேப் ஐந்து நொடியில் திரும்பி வந்தது. ஆனால் காரை விட்டு இறங்கிய பிறகும் போன் அப்படித்தான் திறந்து கிடக்கும், ஒவ்வொரு தடவையும் நினைவாக மாற்ற வேண்டும். இரண்டாவது நாள் ராத்திரி பத்து மணிக்குத்தான் ஞாபகம் வந்தது. பழையபடி வைத்துவிட்டேன். வயர்லெஸ் ஆக்கும் குட்டி டாங்கிளும் ரிச்சி தெருவில் கிடைக்கிறது. அதற்கு நான் போடாமல் விட்ட அந்த வயர்லெஸ் சுவிட்ச்சைப் போட வேண்டும், ப்ளூடூத், வைஃபை மீது இன்னும் பெரிய அதிகாரம் போகும். எனக்கு மனசு வரவில்லை.

போர்ட் மாற்றி எட்டு நாள் ஆகிறது. ஒரு தடவைகூட மேப் போகவில்லை. காலையில் முதலில் பின் நம்பர் போட்டுப் போனைத் திறந்து, அப்புறம் கேபிளைச் செருகுகிறேன். இந்த வரிசை மாறினால் வெறும் சார்ஜ்தான், இப்போது கை அதற்குப் பழகிவிட்டது. ஐந்து பெயர் பட்டியல் அப்படியே இருக்கிறது.

நண்பனுக்கு என் பதில்: வேண்டாம்டா. நீ வாரம் மூன்று நாள் உங்கப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிறாய், உன் காரும் என்னுடையதைப் போல ஆறு வருடப் பழசு, உன் வழியும் ஆற்காடு சாலைதான். எனக்கு அன்று கத்திப்பாராவில் நடந்தது உனக்கு நடக்கக் கூடாது. இருக்கிற போனையே காருக்கு வைத்துக்கொள். இல்லை, வாங்கியே தீருவேன் என்றால் முதலில் வண்டியை எடுத்துக்கொண்டு வா. டார்ச் என்னிடம் இருக்கிறது, உன் போர்ட்டில் அந்த நாக்கு ஆடுகிறதா என்று பார்த்துவிடலாம்.