பழைய அரங்கின் சுவருக்கு மூட்டைச் சுண்ணாம்பு: என்எச்எல் 3.5

பாழடைந்த நாடக அரங்கை மீட்க வாரக் கடைசியில் கூடும் தன்னார்வலர்களுக்கு, 25 கிலோ மூட்டையில் வரும் இந்த இயற்கை நீர்ச்சுண்ணாம்பை (என்எச்எல், அதாவது தண்ணீர் பட்டால் இறுகும் சுண்ணாம்பு) தயங்காமல் சொல்லலாம். ஆனால் வாரநாட்களில் சுவருக்குத் தண்ணீர் தெளிக்க ஆள் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர், தன்னுள் ஏறும் ஈரத்தைப் பூச்சு வழியாகத்தான் வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஓதம் பின்னால் தேங்கி, உப்பு பொரிந்து, செங்கல்லின் முகமே மாவாக உதிரும். அதனால் பழைய சிமெண்ட் ஒட்டுகளை முதலில் உளியால் கொத்தி எடுங்கள். கூரைத் தண்ணீர் வடியும் குழாய் ஒழுகினால் அதைச் சரிசெய்யும்வரை மூட்டையைப் பிரிக்கவே கூடாது.

பெயரில் உள்ள 3.5 என்பது 28 நாளில் எட்ட வேண்டிய, அழுத்தத்தைத் தாங்கும் குறைந்தபட்ச வலிமை, மெகாபாஸ்கல் என்ற அலகில். உட்சுவருக்கு அது தாராளம். மூட்டையில் எச்எல் (வெறும் நீர்ச்சுண்ணாம்பு), எஃப்எல் (கலப்புச் சுண்ணாம்பு) என்று மட்டும் போட்டிருந்தால் சிமெண்ட் கலந்திருக்கலாம், தொடாதீர்கள்.

கலவை கொள்ளளவில் 1க்கு 2½ மணல். மணல் சொரசொரப்பாக, களிமண் இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு கண்ணாடிக் குவளை நிறைய உலர்ந்த மணலை எடுத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குவளையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் பிடித்தால் மணலின் இடைவெளி சரியாக இருக்கிறது. அதைவிட நிறையக் குடித்தால் சுண்ணாம்பும் கூடுதலாகச் செலவாகும். ஒரு மூட்டை 10 மி.மீ. கனத்தில் கணக்குப்படி 10 சதுர மீட்டர் வரும். மேடுபள்ளமான சுவரில் ஏழெட்டுதான்.

முந்தைய நாளே சுவரை நனைத்துவிடுங்கள். காய்ந்த செங்கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிட்டால் பூச்சு இறுகாமல் பொடியாகும். முதல் பூச்சு 10 மி.மீ., அடுத்த பூச்சு பிடிக்க அதைக் குறுக்கும்நெடுக்குமாகக் கீறிவிட வேண்டும். மேல்பூச்சைப் பெருவிரலால் அழுத்தினால் லேசாக மட்டும் பதியும் பதத்தில் மணியாசு கட்டையால் (கொத்தனாரின் மரத் தேய்ப்புக்கட்டை) மறுபடி இறுக்கித் தேய்த்தால் மயிரிழை விரிசல்கள் மூடிக்கொள்ளும். எஃகுக் கரணையால் வழவழப்பாக்கினால் மேல்தோல் அடைபட்டுப்போகும். கலவையில் தண்ணீர் கூடினாலும் விரிசல் விடும்.

அடுத்த பூச்சுக்கு ஏழு நாள் விட்டால் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கச்சிதமாகப் பொருந்துகிறது. சிக்கல் அந்த இடைநாட்களில்தான். தினம் இரண்டு மூன்று முறை பனிபோல் தெளிக்க வேண்டும், ஈரச்சாக்கு தொங்கவிட வேண்டும். அரங்கின் உயரமான சுவரில், காற்றோட்டமுள்ள மேல்பகுதிதான் முதலில் காயும். சாரத்தில் ஏறாமல் கீழிருந்து மட்டும் தெளிப்பவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். பெயர் போட்டு முறைப்பட்டியல் ஒட்டுங்கள். 5 டிகிரிக்குக் கீழும் 30க்கு மேலும் பூச வேண்டாம்.

மேடை முகப்பின் பூவேலை பல அரங்குகளில் ஜிப்சத்தில் வார்த்தது. அதன்மேல் இதைப் பூசவே கூடாது. அதற்கு வேறு கைத்திறன் வேண்டும்.

சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாதவரைக் கலவை பக்கம் விடாதீர்கள். பிரித்த மூட்டை ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும், அன்றே தீர்த்துவிடுங்கள். கடைசியில் எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் சுவரின் மூச்சு மறுபடி அடைபடும். நீர்க்கக் கரைத்த சுண்ணாம்பால் நான்கைந்து கை வெள்ளை அடியுங்கள்.