அரை இலை போதும்: ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மதுரை மெஸ்

இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மதுரை கீழவாசலை ஒட்டிய சந்து ஒன்றில், வீட்டு முன்கூடத்தில் நாலு மேசை போட்டு நடத்துகிறார்கள். எல்லோரும் அக்கா மெஸ் என்கிறோம். தெருவுக்கு ஒரு அக்கா மெஸ் இருக்கும் ஊரில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு தேடிப் பிரயோசனமில்லை. கறிக்குழம்பு ருசியை மட்டும் பார்த்து மார்க் போட்டால் இதைவிடப் பெரிய கைகள் சிம்மக்கல் பக்கம் இருக்கின்றன. ஆனால் எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர் வெளியே உட்கார்ந்து நிம்மதியாக மத்தியானம் சாப்பிட எது தோதான இடம் என்று கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

எனக்கு நடந்தது ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி. வயிற்றில் சின்னத் துளைகள் மட்டும் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். அதில் 100, 150 மில்லி கொள்ளும். டீக்கடை கண்ணாடி டம்ளர் நிறைந்தால் அவ்வளவுதான். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது வெட்டி எடுத்த மேல்பாகத்தில் என்பதால் பசியும் பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது. கேட்க சுகமாக இருக்கும். ஆனால் இடமும் இல்லாமல் பசியும் இல்லாமல் நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் உள்ளே போயாக வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்போடு சேர்ந்து சதையும் கரையும். நான் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள். தினமும் ராத்திரி டேலி ஆகாத ஒரே கணக்கு இதுதான்.

இந்த நிலைமையில் நம் ஊர் ஹோட்டல்கள் எப்படி இருக்கின்றன? சாப்பாடு என்றால் அளவில்லாச் சாப்பாடு. சோறுதான் மலை மாதிரி வரும், கூட்டு பொரியல் கிண்ணத்தில் ஒரு கொசுறு. புரதம் என்று பார்த்தால் சாம்பாரின் அடியில் தேட வேண்டும். இரண்டு கரண்டிச் சோறு தின்றாலும் முழு ரேட், அதையும் கூட வந்தவரோடு பங்கு போடக் கூடாது என்று சுவரில் எழுதிப் போட்டிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். 'இவருக்கு இரைப்பை அறுவை சிகிச்சை நடந்துள்ளது, குழந்தைகளுக்கான அளவில் உணவு தந்து உதவவும்' என்று அச்சடித்து, சீல் எல்லாம் வைத்தது. ஏசி போட்ட பெரிய ஹோட்டல் ஒன்றில் அதை நீட்டினேன். சூட் போட்ட தம்பி பொறுமையாகப் படித்தார், உள்ளே கொண்டுபோய் மேனேஜரிடம் காட்டினார், திரும்பி வந்து சொன்னார்: "சாரி மேடம், பஃபேல அஞ்சு வயசுக்குள்ள இருந்தாத்தான் பாதி ரேட்டு." எனக்கு 44. அட்டை இப்போது பர்ஸில் ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்குப் பின்னால் கிடக்கிறது.

அக்கா மெஸ்ஸில் அட்டையே தேவைப்படவில்லை. மதுரை அசைவ மெஸ் பழக்கப்படி இங்கே தொடுகறியெல்லாம் ஒரு பெரிய தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்களாக மேசைக்கே வரும். கோலா உருண்டை, ஈரல், சுக்கா, தலைக்கறி, சுவரொட்டி, ரத்தப் பொரியல், வஞ்சிரம் வறுவல். வேண்டியதைக் கையைக் காட்டினால் போதும், எடுத்ததற்கு மட்டும் காசு. கோலா ஒன்று கேட்டால் ஒன்றுதான் வைப்பார்கள், "ஒண்ணு என்னத்துக்குக்கா ஆகும்?" என்ற கேள்வி கிடையாது. சோறு வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. டாக்டரும் டயட்டீஷியனும் தலைபாடாக அடித்துக்கொள்ளும் 'முதலில் புரதம், கடைசியில் மாவுச்சத்து' என்ற விதியை, எடைக்குறைப்பு ஆபரேஷனுக்கு டாக்டர்கள் சொல்லும் பேரியாட்ரிக் என்ற சொல்லையே கேட்டிராத ஒரு கடை தன் வழக்கமாகவே வைத்திருக்கிறது.

நான் முதலில் சொல்வது கலக்கி. தெற்கத்திக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா டம்ளரில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, கறிக்குழம்பு ஒரு சின்னக் கரண்டி, மிளகுத்தூள், உப்பு போட்டு ஸ்பூனால் நாலு சுற்றுச் சுற்றுவார். தோசைக்கல்லில் நல்லெண்ணெய் தொட்டு அதை ஊற்றியதும் ஓரம் வெளுக்கும். அந்த நேரம் பார்த்து நாலு பக்கமும் உள்ளே மடித்து, திருப்பிப் போடாமல் அப்படியே வழித்துத் தட்டுக்கு எடுத்துவிடுவார். வெளியே மெல்லிசாய் ஒரு தோல், உள்ளே கூழ். 20 ரூபாய், 6 கிராம் புரதம். ஆபரேஷன் ஆன வயிற்றில் இவ்வளவு சுமுகமாக இறங்கும் கடைச் சாப்பாடு வேறொன்று எனக்குத் தெரியாது. முட்டை முழுசாக வெந்திருக்க வேண்டும் என்று உங்கள் டாக்டர் சொல்லியிருந்தால், "கொஞ்சம் கூடவே வேகட்டும்க்கா" என்று சொல்லிவிடுங்கள். கல்லில் இன்னும் கொஞ்ச நேரம் விட்டு எடுப்பார். கலக்கிக்கு உண்டான அழகு போய்விடும், ஆனாலும் மெத்தென்றுதான் இருக்கும்.

அடுத்து கோலா உருண்டை. கொத்துக்கறியை அரைத்து, பொட்டுக்கடலை மாவு, தேங்காய், சோம்பு சேர்த்துப் பொரித்தது. அரைத்த கறி என்பதால் மெல்லும் வேலை பாதி முடிந்தே வருகிறது. ஆனால் பொரித்த எண்ணெய் இருக்கிறதே, அதனால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வேன். சுக்கா இங்கே பிரமாதம் என்று பக்கத்து மேசைக்காரர்கள் சப்புக்கொட்டுவார்கள். எனக்கு அது ஆகாது. வறட்டுக் கறியும் கோழி நெஞ்சுக்கறியும் எவ்வளவு மென்றாலும் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் போய்க் குந்திக்கொள்ளும். ஈரல் நல்ல பிள்ளை.

சுவரொட்டி, ரத்தப் பொரியல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரைப்பை சுருங்கினால் அமிலமும் குறையும், சாப்பாட்டிலிருந்து இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும் முன்போல் ஏறாது. அதனால்தான் ஆயுசுக்கும் மாத்திரை என்கிறார்கள். சுவரொட்டி என்பது ஆட்டு மண்ணீரல். ரத்தமும் மண்ணீரலும் இரும்புச்சத்தில் கறியையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். பிள்ளை பெற்றவளுக்குச் சுவரொட்டி சுட்டுக் கொடுத்த நம் பாட்டிமார் ஹீமோகுளோபின் ரிப்போர்ட் பார்த்தா கொடுத்தார்கள்? இதைத் தின்கிறேன் என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது வேறு கணக்கு. சாப்பிட்ட கையோடு டீ குடித்தாலும் இரும்பு சரியாக ஏறாது. ஆபீஸில் சாப்பாட்டுக்கு அப்புறம் டீ வரும்போது நான் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவது இதனால்தான்.

அயிரை மீன் குழம்பு எப்போதும் இருக்காது, கண்மாய் மீன் வரத்தைப் பொறுத்தது. இருந்தால் விடாதீர்கள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன், உயிரோடு வாங்கி வந்து பாலோ தேங்காய்ப்பாலோ கலந்த தண்ணீரில் விட்டு, அது மண்ணைக் கக்கிய பிறகுதான் குழம்பில் போடுவார்கள். முள்ளோடு அப்படியே சாப்பிடலாம். ஒரு கிண்ணம் 200 ரூபாய், கொஞ்சம் கூடத்தான். அதில் எனக்குப் பாதி போதும், மீதியை அக்காவே தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்துவிடுவார், ராத்திரிக்கு ஆச்சு. மிஞ்சியதைப் பார்சல் கட்டித் தர முகம் சுளிக்காத கடை என்பதற்கே தனி மார்க் போட வேண்டும்.

ஆட்டுக்கால் சூப்பும் உண்டு, 50 ரூபாய். தொண்டைக்கு இதம். ஆனால் சூப்பில்தான் சத்தெல்லாம் இறங்கிவிட்டது என்று நம்பிக்கொண்டு அதையே குடித்து வயிற்றை ரொப்பாதீர்கள். அதில் இருக்கும் கொஞ்சநஞ்சப் புரதமும் ஜெலட்டின், முட்டைப் புரதத்துக்கு ஈடாகாது. ஆபரேஷன் முடிந்த முதல் வாரங்களில் வீட்டில் வடிகட்டிக் குடிக்க சூப் சரி. அதுவே கடைசிவரைக்கும் ஆகாது.

சோறு? இரண்டு வாய் சாப்பிடுவேன், ரசம் விட்டுக் குழையப் பிசைந்து, அதுவும் கடைசியாக. அப்பளம் நொறுங்கிக் கரைந்துவிடும், தொந்தரவில்லை. பரோட்டா பக்கம் இன்னும் போகவில்லை. மைதாவும் பிரெட்டும் உள்ளே போய் உருண்டு கட்டிக்கொள்கின்றன என்று என்னோடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எல்லோருமே சொல்கிறார்கள். மதுரைக்காரி பரோட்டா சாப்பிடாமல் இருப்பதைச் சொந்தக்காரர்கள் நம்பவில்லை, அது தனிக் கதை.

இலையைப் பற்றி ஒரு விஷயம். முழு இலையில் ஒரு கலக்கியும் ஒரு கோலாவும் வைத்தால் யாரோ சாப்பிட்டுவிட்டுப் போன மிச்சம் மாதிரி இருக்கும், மனசு இன்னும் இரண்டு அயிட்டம் கேட்கும். அதனால் அரை இலை கேட்டு வாங்குவேன். அக்கா முதலில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏத்தா, விரதமா?" விஷயத்தைச் சொன்னேன். வயிற்றை வெட்டுவதா என்று வாயில் கைவைத்தார். அப்புறம், "சரி, சக்கரை எறங்குச்சா?" இறங்கியது, சர்க்கரை மாத்திரை பாதியாகிவிட்டது என்றேன். "அப்பச் சரி. போதும்னா போதும்னு சொல்லு, மூஞ்சியப் பாத்து வைக்க மாட்டேன்." இந்த ஊரில் பரிமாறுகிறவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வருவது சாதாரணம் கிடையாது. இன்னும் கொஞ்சம் வைப்பதுதான் இங்கே பாசம்.

தண்ணீர் விஷயமும் உண்டு. உட்கார்ந்ததும் டம்ளர் வைத்து நிரப்புவது நம் மரியாதை, ஸ்லீவ்காரருக்கோ சாப்பாட்டோடு தண்ணீர் ஆகாது. இருக்கிற கொஞ்ச இடத்தையும் அது அடைத்துக்கொள்ளும், முடித்து அரைமணி கழித்துத்தான் குடிக்கச் சொல்கிறார்கள். பரிமாறும் தம்பி இப்போது என் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார். மோரை மட்டும் பாட்டிலில் வாங்கிக்கொண்டு ஆபீஸுக்குப் போய் வாசனையில்லாத புரதப் பவுடரைக் கலக்கிக் குடிக்கிறேன். சூடான ரசத்தில் போட்டால் அது திரிந்து கட்டிகட்டியாகிவிடும், மோரில் சத்தமில்லாமல் கரையும். ஸ்ட்ராபெர்ரி வாசனைப் பவுடரை வாங்கி ஏமாறாதீர்கள், சுண்ணாம்பில் ரோஸ் மில்க் ஊற்றின ருசி.

குறைகள் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். பெரிய குறை காரம். குழம்பிலும் தொடுகறியிலும் மிளகாய் கொஞ்சம் கைதாராளம், எண்ணெயும் மேலே மிதக்கும். கிண்ணத்தைச் சாய்த்து வடித்துவிட்டுத்தான் எடுப்பேன். ஆபரேஷனுக்குப் பின் தண்ணி, கூழ், மசியல் என்று ஒவ்வொரு கட்டமாகத் தாண்டி சாதாரணச் சாப்பாட்டுக்கு வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். அதற்கு முன் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். வந்த பிறகும் உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். கோலாவில் பாதி, கலக்கியில் பாதி என்று ஆரம்பித்தால் போதும்.

இன்னொரு குறை, கூட்டம். ஒரு மணிக்கு மேல் வந்தால் நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்பார்கள். ஒவ்வொரு வாயையும் இருபது முப்பது தடவை மென்று, அரைமணி நேரம் எடுத்துச் சாப்பிடுகிறவளுக்கு முதுகுக்குப் பின்னால் மூச்சுவிட்டுக்கொண்டு ஒருவர் நிற்பது கொடுமை. அவசரப்பட்டால் உடம்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு முதலில் விக்கல் வரும், அப்புறம் மூக்கு ஒழுகும். அதற்கு மேலும் ஒரு வாய் உள்ளே தள்ளினால் வாயில் எச்சில் நுரை கட்டிக்கொண்டு வரும், எழுந்து ஓட வேண்டியதுதான். மூக்கு ஒழுகினால் காரம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள், நம் பாஷையில் அது 'இலையை மூடு' என்று அர்த்தம். கை கழுவுமிடம் கொல்லைப்பக்கம், ஒரு படி இறங்க வேண்டும், ஈரமாகவே இருக்கும், பார்த்துக் கால் வையுங்கள்.

சாப்பிட்டு முடித்துக் கூட வந்தவர்கள் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கப் போகலாம் என்பார்கள். நானும் போனேன். இரண்டு ஸ்பூனுக்கு மேல் போனதும் நெஞ்சு படபடத்து, வேர்த்து, உட்கார இடம் தேட வேண்டியதாயிற்று. சர்க்கரை மொத்தமாகக் குடலுக்குள் இறங்கினால் இப்படி ஆகும். டம்பிங் என்கிறார்கள். இரைப்பை பைபாஸ் என்ற இன்னொரு வகை எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குத்தான் அதிகம் என்றாலும் ஸ்லீவ்காரர்களுக்கும் வரும். ஜிகர்தண்டா மேல் குற்றம் ஒன்றுமில்லை.

என் வழக்கமான இலை: ஒரு கலக்கி, ஒரு கோலா அல்லது கொஞ்சம் ஈரல், இரண்டு வாய் ரசஞ்சோறு. நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அந்த ஏசி ஹோட்டல் பஃபேயில் வரிக்கு மட்டும் அதில் பாதி போகும். ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அந்த ஒன்றைக் குறைத்தது எண்ணெய்க்காக.

பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள். கலக்கி வேண்டுமென்றால் கல்லில் அக்கா நிற்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தம்பி போட்டால் அது ஆம்லெட் ஆகிவிடும். வெள்ளிக்கிழமை அசைவம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கடையே கிடையாது. ஜிபே உண்டு. வண்டி நிறுத்தச் சந்தில் இடமில்லை, மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.