ஹாக்கி உலகக் கோப்பை பேக்கேஜா? ஜிபே பண்ணும் முன் இதைப் படியுங்கள்

2026 ஆகஸ்ட் 15 முதல் 30 வரை உலகக் கோப்பை ஹாக்கி. நெதர்லாந்தில் ஆம்ஸ்டெல்வீன், பெல்ஜியத்தில் வாவ்ர். ஆண்கள், பெண்கள் இரண்டு போட்டியும் ஒன்றாக. வடசென்னையில் இதற்கு ஏங்குகிற ஆட்கள் நிறைய. ஐசிஎஃப், பெரம்பூர் பக்கம் ஸ்டிக் பிடித்து வளர்ந்துவிட்டு இப்போது துபாயிலோ தம்மாமிலோ வேலை பார்ப்பவர்கள். 1973-இல் இதே ஆம்ஸ்டெல்வீனில் இந்தியா ஃபைனல் வரை போய் நெதர்லாந்திடம் பெனால்டி ஸ்ட்ரோக்கில் கோட்டை விட்ட கதையை அப்பாவிடம் கேட்டே வளர்ந்தவர்கள். போதாததற்கு, 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பையை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் காசே கொடுக்காமல் பார்த்த ருசி வேறு.

இந்த ஆசையைத்தான் 'விசா, ஃப்ளைட், ஹோட்டல், மேட்ச் டிக்கெட் எல்லாம் சேர்த்து' என்று சில ஏஜென்ட்டுகள் விற்கிறார்கள். சிக்கியவர்களின் கதை கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் போகும். ஒரு மாத லீவில் கொருக்குப்பேட்டைக்கோ ராயபுரத்துக்கோ வந்து இறங்கியிருப்பார். தெரிந்தவர் மூலம் நம்பர் கிடைக்கும். "அண்ணே, ஸ்லாட்டு லாக் பண்ணி வெச்சிருக்கேன், நைட்டுக்குள்ள நாப்பது போட்டுடுங்க, இல்லன்னா வேற ஆளுக்குப் போயிடும்" என்று வாட்ஸ்அப்பில் வரும். பணம் போகும், பின்னாலேயே பாஸ்போர்ட்டும் போகும். அதற்குப் பிறகு நாள்தான் ஓடும்.

முதல் பொய் அந்த ஸ்லாட். விண்ணப்ப மையத்தில் அப்பாயின்ட்மென்ட்டுக்கு என்று தனிக் கட்டணம் கிடையாது. நெதர்லாந்து, பெல்ஜியம் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 45, அதற்குக் கீழே இலவசம். அதற்கு மேல் மையத்தின் சர்வீஸ் சார்ஜ், ரசீதோடு. நாற்பதாயிரத்தில் இதைக் கழித்தால் மிச்சம் எங்கே போகிறது என்று கேளுங்கள், பதில் வராது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைந்தால் வாங்க மாட்டார்கள். ஆகஸ்ட் மேட்சுக்கு பிப்ரவரியிலேயே கதவு திறந்துவிடும் என்பதை ஏஜென்ட் சொல்ல மாட்டார். ஜூலையில் நீங்கள் பதறினால்தானே அவருக்கு வியாபாரம்?

வளைகுடாவிலிருந்து வருபவர்களுக்கு இதைவிடப் பெரிய அடி வேறு இடத்தில். ஷெங்கன் விதிப்படி, நீங்கள் சட்டப்படி எங்கே வசிக்கிறீர்களோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். துபாய் ரெசிடென்ஸ் உள்ளவருக்கு அது துபாய். லீவில் வந்த இடத்தில் போட வேண்டுமென்றால், ஏன் அங்கே போடவில்லை என்பதற்கு ஏற்கத்தக்க காரணம் காட்ட வேண்டும். 'லீவில் இருக்கிறேன்' என்பது அவ்வளவு எடுபடாது. சரி, வாங்கிக்கொண்டார்கள் என்றே வையுங்கள். முடிவு சொல்ல 15 நாள், சந்தேகம் வந்தால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். அத்தனை நாளும் பாஸ்போர்ட் அவர்களிடம். லீவு 30 நாள்தான். 'பாதியில் திருப்பி வாங்கிக் கொடுத்துடுறேன்' என்பார் ஏஜென்ட். வாங்கலாம், ஆனால் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கித்தான் வாங்க முடியும். கட்டிய கட்டணம் திரும்ப வராது. இதில் ரிட்டர்ன் டிக்கெட் போய், கம்பெனியில் கெட்ட பெயர் வாங்குவதுதான் மிச்சம். மேட்ச் ஆசை இருந்தால், லீவுக்குக் கிளம்பும் முன் வேலை பார்க்கும் நாட்டிலேயே முடித்துவிடுங்கள்.

அடுத்தது, 'எந்த நாட்டு ஸ்லாட்டு கெடச்சா என்ன, எல்லாம் ஒரே ஷெங்கன்தானே' என்ற உபதேசம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டிலும் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாடு. ஆம்ஸ்டெல்வீனில் ஏழு நாள், வாவ்ரில் நாலு நாள் என்றால் நெதர்லாந்து. இந்தக் கணக்குக்குச் சம்பந்தமே இல்லாத மூன்றாவது நாட்டில் ஃபைல் போட்டு, அங்கே தங்குவதாகப் பொய் ஹோட்டல் வவுச்சர் வைத்தால், ரிஜெக்ட் ஆக அதுவே போதும். தப்பித்தவறி விசா வந்தாலும், ஆம்ஸ்டர்டாம் ஏர்போர்ட்டில் கேள்வி கேட்டால் பதில் சொல்லப் போவது ஏஜென்ட் இல்லை, நீங்கள்.

டம்மி டிக்கெட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். ஏஜென்ட் தரும் பிரின்ட்டில் ஆறு எழுத்து பிஎன்ஆர் மட்டும் இருந்தால் அது வெறும் ஹோல்டு, அதாவது காசு கட்டாமல் பிடித்து வைத்த சீட். ஓரிரு நாளில் தானே அவிழ்ந்துவிடும். காசு கட்டி எடுத்த டிக்கெட்டுக்கு 13 இலக்க எண் உண்டு. முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தின் குறியீடு: ஏர் இந்தியா 098, எமிரேட்ஸ் 176, கேஎல்எம் 074. விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே பிஎன்ஆரையும் கடைசிப் பெயரையும் போட்டுப் பாருங்கள், ஏஜென்ட் அனுப்பும் லிங்கில் வேண்டாம். விசாவுக்கு ரிசர்வேஷன் மட்டும் வைப்பது தப்பில்லை. பேக்கேஜில் டிக்கெட்டுக்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டு ஹோல்டைக் காட்டுவதுதான் நாமம். ஹோட்டலும் அப்படியே. இன்சூரன்ஸையும் திருப்பிப் பாருங்கள்: குறைந்தது 30,000 யூரோ கவரேஜ், எல்லா ஷெங்கன் நாட்டுக்கும், தங்கும் மொத்த நாளுக்கும். ஆசிய நாடுகளுக்கான மலிவு பாலிசியைச் செருகிவிடுவதும் நடக்கும்.

'ஃபண்டு காட்டுறேன்' என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டில் கடைசி வாரம் திடீரென்று மூன்று லட்சம் வந்து உட்கார்ந்தால், அதிகாரி அதைப் பணமாகப் பார்ப்பதில்லை, கேள்வியாகத்தான் பார்ப்பார். திருத்திய ஸ்டேட்மென்ட் அதைவிட மோசம். விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது. விசா மறுப்பு ஷெங்கன் நாடுகளின் விசாத் தகவல் அமைப்பில் ஐந்து வருஷம் வரை கிடக்கும். பிறகு பிரிட்டனோ கனடாவோ போட்டால் 'இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா' என்ற கட்டத்தில் ஆம் என்று எழுதியாக வேண்டும். 'நீங்க வரவே வேணாம், நான் பாத்துக்கறேன்' என்பதும் இதே ரகம்தான். கைரேகை வைக்க நேரில் போயே ஆக வேண்டும். முன்பு கொடுத்து 59 மாதம் ஆகாதவருக்கு மட்டும்தான் விலக்கு.

விசா வந்துவிட்டது, சந்தோஷம் என்று ஸ்டிக்கரைப் படிக்காமல் விடாதீர்கள். தேதி 13-08-26 முதல் 11-09-26 வரை என்று இருக்கும். பக்கத்தில் தங்கும் நாள் 15 என்று இருக்கும். அந்த 15 தான் கணக்கு. வெளியே தெரியும் முப்பது நாளும் நமக்கில்லை. வந்த நாள், போகிற நாள் இரண்டும் அதற்குள் அடக்கம். 14-ஆம் தேதி இறங்கினால் 28-க்குள் கிளம்பிவிட வேண்டும். 30-ஆம் தேதி ஆட்டம் டிவியில்தான். ஏஜென்ட் விலை குறைந்த டம்மி டிக்கெட்டுக்கு ஏற்ப ஃபாரத்தில் இரண்டு வாரம் என்று நிரப்பிவிடுவதால் வரும் வினை இது. ஃபாரத்தை நீங்களே நிரப்புங்கள். முடியாவிட்டால் கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு தேதியையும் வாசித்துப் பாருங்கள். நுழைவு எண்ணிக்கை 01 என்றிருந்தால், நடுவில் லண்டன் போய்த் திரும்பி வர முடியாது.

ஐரோப்பா கட்டுப்படியாகாது, மலேசியாவின் இப்போ நகரில் அஸ்லான் ஷா கோப்பை ஹாக்கி பார்க்கலாம் என்பவர்களையும் விடுவதில்லை. 'மலேசியா விசா' என்று காசு கேட்டால் அது காதில் பூ. இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை உண்டு. டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். மலேசிய அரசுத் தளத்தின் முகவரி gov.my-இல் முடியும் வகையில் இருக்கும். கார்டு நம்பர் கேட்கும் தளம் போலி.

பணம் ஏற்கெனவே போய்விட்டதா? முதலில் பாஸ்போர்ட். அது இந்திய அரசின் சொத்து. பாக்கிக்காக ஏஜென்ட் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் கேட்டாலும் அது எழுத்துதான். அரட்டை முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து, யுபிஐ பரிவர்த்தனை எண்ணோடு வையுங்கள். ஆன்லைனில் போன பணம் என்றால் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு உடனே அடியுங்கள்; தாமதமானால் பணம் கணக்கு மாறிப் போய்க்கொண்டே இருக்கும். ஆள் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால் உள்ளூர் ஸ்டேஷனில் மோசடிப் புகார், பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவு. கடை திறந்திருக்கிறது, 'ப்ராசஸிங் சார்ஜ்' என்று இழுத்தடிக்கிறார் என்றால் நுகர்வோர் ஆணையம்: இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. ரசீதே தரவில்லை என்று சோர்ந்துவிட வேண்டாம். "நைட்டுக்குள்ள போட்டுடுங்க" என்ற அந்த மெசேஜையும் அதே இரவு போன ஜிபே எண்ணையும் சேர்த்து வையுங்கள்.