அல்சூரில் நாலு ஞாயிறு திரைக்கதை வகுப்பு: கொடுத்த காசுக்குத் தகுமா?

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் 18 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட் தைக்கிறவளுக்குத் திரைக்கதை வகுப்பு எதற்கு என்று என் வீட்டுக்காரரே கேட்டார். அக்கா மகன் ஒரு குறும்படம் எடுக்கிறான், கதை வசனம் நான்தான். 11 சீன் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு சித்தி, ஆனா எங்கேயும் நகர மாட்டேங்குது" என்றான். அந்தக் கடுப்பில் போய்ச் சேர்ந்தேன்.

அல்சூர் கடைவீதிப் பக்கம் ஒரு அச்சகத்தின் மாடியில் நடந்தது. எங்கள் ஏரியாவில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் மாறினால் ஹலசூரு ஸ்டேஷன், அங்கிருந்து நடைதான். நாலு ஞாயிறு, காலை 10 முதல் 1.30 வரை, 4,500 ரூபாய். நடத்தியவர்கள் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் கொஞ்சம் குறையும் சொல்லப் போகிறேன். இந்த மாதிரி வகுப்பில் சேரலாமா என்று யோசிக்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மொத்தம் 14 பேர். ஆட்டோ ஓட்டுகிற தம்பி ஒருவர், ஐடி கம்பெனிப் பிள்ளைகள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், அப்புறம் நான். சொல்லிக் கொடுத்தவர் சென்னையில் பல வருஷம் உதவி இயக்குநராக இருந்தவர்.

முதல் வாரம் சுமார். கதைக்கு ஆரம்பம், நடு, முடிவு என்று மூன்று அங்கம், எழுதின ஒரு பக்கம் படத்தில் ஒரு நிமிஷம் என்று ஹாலிவுட் கணக்கு. நம் ஊரில் இடது பக்கம் நடப்பதையும் வலது பக்கம் வசனத்தையும் பிரித்து எழுதுகிற பழக்கம் இருக்கிறதே, அதற்கு அந்தப் பக்கக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டேன். பொருந்தாது என்று ஒத்துக்கொண்டார். அந்த நேர்மை பிடித்திருந்தது. இடைவேளை என்று ஒன்று நடுவில் நிற்கும்போது மூன்று அங்கம் எங்கே உடையும் என்பதையும் அப்படியே கேட்டிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

இரண்டாவது வாரத்தில்தான் சூடு பிடித்தது. ஆளுக்கு ஒரு கட்டு அட்டை கொடுத்தார்கள், தபால் அட்டை அளவு. படத்தை ஓட்டுவார், சீன் முடிந்ததும் நிறுத்துவார். அட்டையில் மூன்றே வரி எழுத வேண்டும். இந்த சீனில் யாருக்கு என்ன வேணும், எது குறுக்கே நிற்குது, முடியும்போது எது மாறியிருக்கு. மூன்றாவது வரி எழுத வராவிட்டால் அட்டையைக் கவிழ்த்துப் போட வேண்டும்.

எனக்கு இது பழகின வேலை. புது மாடல் ஜாக்கெட்டைப் படத்தில் பார்த்து வெட்டினால் ஒருநாளும் சரியாக வராது. அதே மாடலில் பழசு ஒன்றை வாங்கி, தையலைப் பிரித்து, துண்டு துண்டாக அயர்ன் பண்ணிப் பேப்பரில் வைத்து வரைய வேண்டும். கைக்குழி எத்தனை இஞ்ச், மார்பு டாட் எங்கே ஆரம்பிக்குது, பட்டி எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். தைத்து முடித்ததைப் பார்த்தால் அழகு மட்டும்தான் தெரியும்.

பிரிக்க எடுத்த படம் தேவர் மகன். 1992-ல் வந்தது, கமல்ஹாசன் எழுதி பரதன் இயக்கியது. எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. சிவாஜிக்காகப் பார்த்திருக்கிறேன், இளையராஜாவுக்காகப் பார்த்திருக்கிறேன். ஒரு பூட்டுக்காகப் பார்த்ததில்லை.

அந்தப் பூட்டு தொங்குவது, வழக்கில் கிடந்து மூடியிருக்கிற கோயிலில். ஊருக்குச் சும்மா வந்துபோக வந்த கதாநாயகன் சக்திக்கு, கூட வந்த காதலி பானுவுக்கு அதைக் காட்ட வேண்டும், ஆசை அவ்வளவுதான். வீட்டு வேலைக்காரன் இசக்கியின் தயவில் பூட்டு திறக்கிறது. ஊர் பற்றிக்கொள்கிறது. கடைசியில் கை போவது இசக்கிக்கு. என் அட்டையில் 'யாருக்கு என்ன வேணும்' என்ற இடத்தில் 'சுற்றிக் காட்ட' என்றுதான் எழுத முடிந்தது. இத்தனை அற்ப ஆசைக்கு அத்தனை பெரிய விலை. அதுவும் ஆரம்பித்து வைத்தது பகையாளியான பங்காளி மாயன் இல்லை, சக்தி.

"அந்த அட்டையை எடுத்துடுங்க, மீதி நிக்குதா பாருங்க" என்றார் சார். பெரியவர் விடவில்லை. பகை முன்னாலேயே இருக்கிறதே, பூட்டு இல்லாவிட்டால் வேறு எதையாவது வைத்து அடித்துக்கொள்வார்கள் என்றார். "அடிச்சுப்பாங்க ஐயா. ஆனா சக்தி எதுக்கு ஊர்லயே நிக்கணும்?" அரைமணி நேரம் இதே பேச்சுதான். நாலு வாரத்தில் நான் கொடுத்த காசு எனக்குத் திரும்பக் கிடைத்தது அந்த அரைமணியில்தான்.

அப்புறம் கல்யாணம். ஊர் நடக்க வழி விடச் சொல்லி ஒருவரிடம் சக்தி கேட்கிறான், அவரும் நிலத்தைத் திறந்துவிடுகிறார். மாயனுக்குப் பயந்து, அவர் மகள் பஞ்சவர்ணத்துக்குப் பார்த்த மாப்பிள்ளை ஓடிப்போகிறான். வழி கேட்டவனே தாலி கட்ட வேண்டியதாகிறது. ஊருக்கு ஒரு வழி திறக்க, அவன் திரும்பிப் போகிற வழி அடைகிறது. அட்டைகளை வரிசையாகத் தரையில் பரப்பினபோது இது பளிச்சென்று தெரிந்தது. ரயிலில் வந்து இறங்குகிற முதல் அட்டையும் ரயிலேறிப் போகிற கடைசி அட்டையும் ஹாலின் இரண்டு மூலையில் கிடந்தன.

பஞ்சவர்ணத்தின் பக்கத்திலிருந்து ஒரு வரிசை அட்டை எழுதிப் பார்க்கலாமா என்று கேட்டேன். நேரமில்லை என்றார். அதை நான் கடையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன்.

இனி குறை. திரைக்கதைப் பிரதி என்று தனியாக 600 ரூபாய் வாங்கினார்கள். பிடிஎஃப் வந்தது. திறந்தால், படத்தை ஓடவிட்டுக் கேட்டுத் தட்டின வசனம், எழுத்துப் பிழையோடு. படம் எடுக்கும் முன் எழுதினது வேறு, எடுத்த படத்திலிருந்து இறக்கி எழுதினது வேறு. எது வெட்டுப்பட்டது, எது இடம் மாறியது என்பதை இதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நமக்கு வேண்டியதே அதுதானே. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "நோட்ஸ் மாதிரி வெச்சுக்கோங்கக்கா" என்றார் ஆபீஸ் பையன்.

இன்னொன்று, கடைசி ஞாயிறு ஆளுக்கு 20 நிமிஷம் நம் கதையைப் பார்த்துச் சொல்வதாகப் பேச்சு. 14 பேருக்கு 280 நிமிஷம் வேண்டும், வகுப்பே 210 நிமிஷம். அளவெடுக்காமல் துணி வெட்டின கதை. எனக்குக் கிடைத்தது ஐந்து நிமிஷம், அதிலும் பாதி நேரம் அவர் போனில் இருந்தார்.

அதனால் என் கதைக்கு நானே அட்டை போட்டேன். 11-ல் ஐந்து கவிழ்ந்தது. ஏழாவது சீனில் மாமியாரும் மருமகளும் காபி போட்டுக்கொண்டே இரண்டு பக்கம் பேசுவார்கள், எனக்கு உயிரான சீன். முடியும்போது என்ன மாறியிருக்கு என்று பார்த்தேன். பால் பொங்கியிருந்தது. வேறொன்றும் இல்லை. கிழிக்க மனசு வராமல் இரண்டு நாள் மிஷின் டிராயரில் வைத்திருந்து, அப்புறம் எடுத்துவிட்டேன்.

சேரலாமா என்றால், சேரலாம். முதல் வாரம் தூக்கம் வந்தாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தை விட்டுவிடாதீர்கள். பிடிஎஃபுக்குப் பணம் கட்டாதீர்கள். கடைசி நாளில் முதல் ஆளாகப் போய் உட்காருங்கள். பிளாஸ்டிக் நாற்காலிதான், இடுப்பு வலி இருந்தால் ஒரு தலையணை எடுத்துப் போவது நல்லது. கீழே டீக்கடையில், ஒன்றை இரண்டாகப் பிரித்துத் தருகிற பை-டூ காபி நன்றாக இருக்கும்.

இப்போது என் கதை எட்டு சீனில் நிற்கிறது. அக்கா மகன் போன வாரம் வாங்கிப் படித்தான். எட்டாவது சீன் ராத்திரியில் வருகிறதே, லைட் வாடகை கூடுமே, பகலாக மாற்ற முடியுமா சித்தி என்றான். கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.