பாட்டி வீட்டு டைல் என்று விளம்பரம் பார்த்தால் கொஞ்சம் நில்லுங்கள்

நெதர்லாந்தில் வேலை பார்க்கிறேன். பழைய டச்சு டைல்கள் மேல் பைத்தியம் பிடித்து 4 வருடமாகிறது. 13 சென்டிமீட்டர் சதுரம், வெள்ளைப் பூச்சில் நீலமாக ஒரு பொடியன் பம்பரம் விடுவான், மூலைக்கு மூலை எருதுத் தலை போல ஒரு கோலம். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அடுப்பைச் சுற்றியும் சுவரின் அடியிலும் பதித்தவை. டெல்ஃப்ட் டைல் என்று பெயரே தவிர, பெரும்பாலானவை ராட்டர்டாம், உட்ரெக்ட், ஹார்லிங்கன் பக்கம் செய்தவைதான்.

போன இலையுதிர் காலத்தில், பழைய சாமான் விற்கும் தளம் ஒன்றில் ஒரு விளம்பரம் வந்தது. பிள்ளைகள் விளையாடும் படம் போட்ட 4 டைல்கள், 280 யூரோ. விற்பவர், ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் தன் பாட்டியின் பண்ணை வீட்டை இடித்தபோது சமையலறையிலிருந்து எடுத்தாராம். கறுப்புச் சட்டத்தில் நான்கையும் சேர்த்து ஒரு படம், ஒரு டைலின் முதுகைத் தனியாக இன்னொரு படம். மஞ்சள் களிமண், ஒட்டிய சுண்ணாம்புக் காரை, மூலையிலிருந்து ஓடும் ஒரு விரிசல். முதுகைக் காட்டுகிற ஆள் யோக்கியன் என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன்.

நெடுஞ்சாலை பெட்ரோல் பங்கில் இருட்டும் நேரத்தில் சந்திப்பு. சட்டத்தின் பின்னால் பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. பிரித்தால் டைல் உடையும் என்றார். சரி என்று பணத்தைக் கையில் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தேன். வளையம் ஓட்டுகிற பையனின் கால் துணியோடு வந்துவிட்டது! இந்த டைல்களில் வெள்ளீயம் கலந்த பூச்சின் மேல் கோபால்ட் நீலத்தால் வரைந்து, அப்புறம்தான் சூளையில் வைப்பார்கள். நிறம் பூச்சுக்குள்ளேயே இறங்கிவிடும். முந்நூறு வருடம் தேய்த்தாலும் போகாது. வயிறு கலங்கிப் பலகையைப் பெயர்த்தேன். வளையக்காரன் பழையவன்தான், ஆனால் மூன்று துண்டாக உடைந்ததை ஒட்டி, மேலே சாயம் அடித்திருந்தார்கள். புற ஊதா டார்ச் அடித்தால் ஒட்டிய இடமெல்லாம் தனியாக ஒளிர்கிறது.

மற்ற மூன்றும் புத்தம் புதுசு. உள்ளே வெள்ளை வெளேரென்ற கெட்டி மண், பின்னால் இக்கால இயந்திர டைலுக்கு வரும் அச்சுக் கட்டங்களை உரசி எடுத்த தடம். பழைய டைலின் மூலையில் சின்ன ஆணிக்குழி இருக்கும். ஈர மண்ணை அளவாக வெட்டும்போது மேலே வைக்கும் அளவுப் பலகை நழுவாமல் இருக்க, அதில் ஆணி முனை வைத்திருப்பார்கள். பூச்சு அதற்குப் பிறகு போடுவது என்பதால் குழிக்குள்ளும் இறங்கியிருக்கும். என் டைல்களில் பூச்சை உடைத்துக்கொண்டு துளை போயிருந்தது, ஓரமெல்லாம் சில்லு. துளைப்பான் வேலை! பம்பரக்காரர்கள் இரண்டு பேருக்கும் மூக்கு நுனியில் அதே பிசிறு வேறு. அந்தக் காலத்தில் ஊசியால் குத்திய தாளை வைத்துக் கரித்தூள் தட்டி, நம் கோல அச்சு மாதிரி, வடிவத்தை இறக்குவார்கள். கோடு போடுவது கைதான். இரண்டு பையன்களுக்கு ஒரே முகம் வாய்க்காது. இவை அச்சடித்த படம்.

ஃபோன் செய்தேன். பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்றார். இணையத்தில் வாங்கியதை 14 நாளில் திருப்பித் தரும் உரிமை வியாபாரியிடம் வாங்கினால்தான்; தனி ஆள் விற்றால் கிடையாது. அதனால்தான் இவருக்குப் பாட்டி தேவைப்படுகிறார். தளத்துக்காரர்களோ, கையில் கொடுத்த பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள்.

பழுது பார்த்த டைலை விற்பது குற்றமில்லை. சொல்லிவிட்டு, விலையைக் குறைத்து விற்கலாம். நானே அப்படி இரண்டு வாங்கியிருக்கிறேன். இப்போதெல்லாம் டெல்ஃப்ட் கால்வாய் ஓரக் கோடைக்காலச் சந்தையில்தான் தேடுகிறேன். விலை கூடத்தான். ஆனால் பகல் வெளிச்சத்தில், ஒவ்வொன்றாகப் புரட்டி, ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கலாம்.

போன வாரம் அதே தளத்தில் வேறு பெயரில் ஒரு விளம்பரம். இந்த முறை கப்பல் படம் போட்ட 6 டைல்கள், அதே கறுப்புச் சட்டம். பாட்டி இப்போது சீலாந்து மாகாணத்துக்குக் குடிபோய்விட்டார். முதுகுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: மஞ்சள் களிமண், சுண்ணாம்புக் காரை, மூலையிலிருந்து ஓடும் அதே விரிசல். எனக்கு வந்த நான்கில் அந்த டைல் இல்லவே இல்லை.