நியோவா, சீட்டஸ் எக்ஸா? முதல் எஃப்பிவி ட்ரோன் வாங்கப் போகிறவருக்கு

போன மாதம் அக்கா மகன் வாட்ஸப்பில் இரண்டு லிங்க் அனுப்பி, கீழே ஒரே வரி எழுதியிருந்தான்: "மாமா, ரெண்டுல எது?" ஒன்று டிஜேஐ நியோ. இன்னொன்று பீட்டாஎஃப்பிவியின் சீட்டஸ் எக்ஸ் செட். பையனுக்குப் பதினைந்து வயது, இருப்பது லண்டனில். அவன் எதிர்பார்த்தது ஒரு சொல் பதில். இரண்டையும் ஓட்டிப் பார்த்தவன் என்பதால் எனக்கு அவ்வளவு சுருக்கமாக முடிக்க மனம் வரவில்லை.

இரண்டும் சீனாவின் ஷென்சென் நகரத்து நிறுவனங்களின் சரக்கு. இரண்டும் கையகல ட்ரோன்கள். ட்ரோனின் கேமரா காண்பதைக் கண்ணெதிரே காட்டும் காகிள்ஸை மாட்டிக்கொண்டால் இரண்டிலுமே ட்ரோனின் மூக்கில் உட்கார்ந்து போவது போலிருக்கும், எஃப்பிவி என்பது அதுதான். ஒற்றுமை அதோடு சரி.

முதலில் விலை. பலரும் சறுக்குவது அங்கேதான். நியோ 2024 செப்டம்பரில் வந்தபோது அமெரிக்காவில் 199 டாலர். அந்தக் காசுக்குக் கிடைப்பது வெறும் ட்ரோன்: உள்ளங்கையிலிருந்து கிளம்பும், உங்கள் பின்னாலேயே வந்து படமெடுக்கும், திரும்பக் கையிலேயே வந்து உட்காரும். செல்ஃபி ட்ரோனாக நல்ல சாமான். ஆனால் அது எஃப்பிவி ஆக வேண்டுமென்றால் காகிள்ஸ் என்3 வேண்டும், அறிமுக விலை 229. அப்புறம் ரிமோட். கையைச் சாய்த்து ஓட்டும் ஆர்சி மோஷன் 3 என்றால் 99 டாலர், இரண்டு ஸ்டிக் வைத்த எஃப்பிவி ரிமோட் 3 என்றால் சுமார் 200. கூட்டிப் பாருங்கள், 199 எங்கே போய் நிற்கிறதென்று தெரியும். பத்திரிகை அடிக்கிற செலவை மட்டும் பார்த்துக் கல்யாணத்துக்கு நாள் குறித்த கதைதான். சேர்த்து விற்கும் காம்போவில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

சீட்டஸ் எக்ஸ் அப்படியில்லை. ட்ரோன், லைட்ரேடியோ 3 ரிமோட், விஆர்03 காகிள்ஸ், பேட்டரி, சார்ஜர் எல்லாம் ஒரே பெட்டியில், 250 டாலரை ஒட்டிய விலையில் வருகிறது. ஸ்டிக் ரிமோட்டோடு நியோவை எடுத்தால் ஆகும் செலவில் பாதிகூட இல்லை.

சரி, பெட்டியைப் பிரித்தாயிற்று. முதல் பத்து நிமிஷம் எப்படிப் போகும்?

நியோவில் மோஷன் ரிமோட்டின் லாக் பட்டனை இரண்டு தட்டு தட்டினால் மோட்டார் ஓடும். அதையே அழுத்திப் பிடித்தால் இடுப்புயரத்துக்கு எழுந்து அப்படியே நிற்கும். ட்ரிகரை இழுத்தால் முன்னே போகும், கை எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் திரும்பும். பயமாக இருந்தால் விட்டுவிடலாம், நின்றுவிடும். அறுபது வயதைத் தாண்டிய என் பெரியப்பா காகிள்ஸை மாட்டிய ஐந்தாவது நிமிஷத்தில் தோட்டத்து வேலியோரமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு, "இதுல என்னடா கஷ்டம்?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அதில் கஷ்டம் எதுவும் இல்லை.

சீட்டஸ் எக்ஸில் மோட்டாரை ஓடவிடும் ஆர்ம் சுவிட்சைத் தட்டிவிட்டு, இடது ஸ்டிக்கை மெல்ல மேலே தள்ள வேண்டும். கொஞ்சம் தள்ளினால் தரையிலேயே உறுமிக்கொண்டு கிடக்கும். இன்னும் ஒரு நூலளவு தள்ளினால் டப்பென்று கூரையில் இடிக்கும். பயந்து ஸ்டிக்கைக் கீழே இழுத்தால் கல் மாதிரி விழும். என் முதல் நாள் முழுக்க இதுதான். கூரை, தரை, கூரை, தரை. நடுவில் ஒருமுறை சோபாவுக்கு அடியில் போய்விட்டது. குனிந்து எடுக்கப் போனபோது காகிள்ஸைக் கழற்ற மறந்துவிட்டேன், ட்ரோனின் கண் வழியாக என் காலே என்னை நோக்கி வருவதைப் பார்த்தேன்.

ஏன் இந்த வித்தியாசம்? நியோவின் அடியில் கேமராவும் சென்சாரும் தரையைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. தரை நகர்ந்தால் ட்ரோன் நகர்கிறது என்று புரிந்துகொண்டு தானே சரி செய்துகொள்கிறது. உயரத்தையும் அதுவே பிடித்துவைக்கிறது. சீட்டஸ் எக்ஸில் இடத்தைப் பிடித்து நிறுத்தும் அந்த ஏற்பாடு கிடையாது. பழகுபவருக்கான ஆங்கிள் மோடில் ஸ்டிக்கை விட்டால் சமநிலைக்கு வரும், அதற்கு மேல் உதவி இல்லை. காற்று தள்ளினால் போய்க்கொண்டே இருக்கும். முன்னே சாய்த்தால் தூக்குவிசையில் ஒரு பங்கு முன்பக்கமாகப் போய்விடும், உயரம் குறையும். அதை ஈடுகட்ட இடது கட்டைவிரல் அந்தக் கணத்திலேயே கொஞ்சம் ஏற்றிக் கொடுக்க வேண்டும். திருப்பத்தில் இன்னும் கொஞ்சம், நேரானதும் குறைக்க வேண்டும். யோசித்துச் செய்கிற காரியமில்லை இது. சைக்கிளில் குரங்குப் பெடல் போட்ட நாட்களில் முழங்கால் சிராய்த்துச் சிராய்த்து ஒரு நாள் திடீரென்று உடம்புக்குப் பிடிபட்டதே, அதே மாதிரிதான். எனக்கு இரண்டு வாரமானது.

அதற்கு மேல் ஆக்ரோ என்ற மோட் இருக்கிறது. அங்கே ஸ்டிக்கை நடுவில் விட்டாலும் ட்ரோன் நிமிராது, எந்தக் கோணத்தில் சாய்த்தீர்களோ அதே கோணத்தில் இருக்கும். நிமிர்த்துவதும் உங்கள் வேலை. குட்டிக்கரணம், கட்டடத்தின் தலையிலிருந்து செங்குத்தாக இறங்குவது என்று நாம் வாய் பிளந்து பார்க்கும் வீடியோக்கள் எல்லாம் இதில்தான் எடுக்கப்படுகின்றன.

நியோவிலும் ஆக்ரோ உண்டு என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஸ்டிக் ரிமோட் வாங்கினால் மேனுவல் மோட் திறக்கும், நொடிக்கு 16 மீட்டர் வரை போகும். மோஷன் ரிமோட்டில் ஈஸி ஆக்ரோ என்று ஒன்று இருக்கிறது, பட்டன் தட்டினால் கரணம் போடும், ஆனால் போடுவது நீங்கள் இல்லை. மேனுவலில் நியோவை நான் ஓட்டியவரை, குண்டான ஆள் கபடி ஆடுவது போலிருந்தது. முடிகிறது, ஆனால் அதற்கென்று பிறந்த உடம்பு இல்லை. நேராக இறங்கிக் கடைசி நேரத்தில் வெடுக்கென்று தூக்கப் பார்த்தால் யோசித்துத்தான் தூக்குகிறது.

படத்தின் கதையோ தலைகீழ். நியோ 4கே வீடியோவைத் தன் வயிற்றிலேயே 22 ஜிபி இடத்தில் பதிவு செய்கிறது. காகிள்ஸில் தெரிவதும் டிஜிட்டல் படம், இலை இலையாகத் தெரியும். சீட்டஸ் எக்ஸில் இருப்பது அனலாக். மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து "இன்னும் கொஞ்சம்... அய்யோ போச்சு" என்று கத்தியபடி தூர்தர்ஷன் பார்த்த தலைமுறைக்கு அந்தப் படம் பழகியது. சுவருக்குப் பின்னால் போனால் புள்ளி மழை. காகிள்ஸில் மெமரி கார்டு போட்டால் அதே புள்ளி மழையோடு பதிவாகும். குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டால் "என்னது இது, சிசிடிவியா?" என்று கேட்பார்கள். என்னைக் கேட்டார்கள்.

அனலாக்கை முழுக்கத் திட்டவும் முடியாது. சிக்னல் போகப் போகிறது என்றால் படம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும், அதுவே எச்சரிக்கை. டிஜிட்டல் படமோ நன்றாக இருந்துகொண்டே வந்து சட்டென்று உறைந்து போகும்.

விழுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விழுவீர்கள். சீட்டஸ் எக்ஸ் பேட்டரியோடு சேர்த்து சுமார் 80 கிராம். நான்கு இறக்கைகளையும் சுற்றி பிளாஸ்டிக் வளையம். சுவரில் மோதினால் வலி சுவருக்கும் இல்லை, ட்ரோனுக்கும் இல்லை. கவிழ்ந்து கிடந்தால் டர்ட்டில் மோடில் தானே புரண்டு எழும். வளையம் உடைந்தாலும் மோட்டார் போனாலும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும், ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாகக் கிடைக்கிறது. நியோ 135 கிராம். அதுவும் நோஞ்சான் இல்லை, வளையத்தோடுதான் வருகிறது. இறக்கையை நாமே மாற்றலாம். அதற்கு மேல் எது போனாலும் சர்வீசுக்கு அனுப்ப வேண்டியதுதான். பழகும் காலத்தில் ஒரு நாளைக்கு முப்பது தடவை விழுகிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

பேட்டரியில் நியோ எளிதாக ஜெயிக்கிறது: கணக்குக்கு 18 நிமிஷம், நிஜத்தில் அதைவிடக் குறைவு. சீட்டஸ் எக்ஸ் ஐந்து நிமிஷம்தான். இரண்டு 450 எம்ஏஎச் பேட்டரிகளை ஒன்றாகச் செருக வேண்டும் என்பதால் உபரியும் ஜோடி ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். முழுதாக ஏற்றி வாரக்கணக்கில் மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள், உப்பிவிடும். சத்தம்? இரண்டும் கொசுதான், நியோ பெரிய கொசு.

இப்போது என் தராசு சாய்கிற இடத்துக்கு வருகிறேன். அது ட்ரோன் இல்லை, ரிமோட். முதல் ட்ரோன் எப்படியும் ஒரு வருஷத்தில் மரத்தில் மாட்டும், இல்லையென்றால் போரடிக்கும். கையில் மிஞ்சுவது ரிமோட்டும் கட்டைவிரல் பழக்கமும்தான். லைட்ரேடியோ 3 ரிமோட்டில் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் வகையை வாங்குங்கள். ரிமோட்டும் ட்ரோனும் பேசிக்கொள்ளும் ரேடியோ மொழி அது, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலத் தொழில்நுட்பம், பல கம்பெனிகளின் சின்ன ட்ரோன்கள் அதே மொழியைப் பேசுகின்றன. அடுத்து எதை வாங்கினாலும், நாமே பாகம் வாங்கிக் கோத்தாலும் இந்த ரிமோட்டே ஓட்டும். டிஜேஐ ரிமோட் டிஜேஐ வீட்டை விட்டு வெளியே வராது. சீட்டஸ் எக்ஸுக்கு ஃபிரிஸ்கை என்ற பழைய முறையிலும் ஒரு வகை உண்டு, மலிவாகத் தெரிந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். இன்னொன்று: எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ்ஸில் பதிப்பு 2 போட்ட ரிமோட்டும் பதிப்பு 3 போட்ட ட்ரோனும் ஒன்றோடொன்று பேசாது. புது ட்ரோன் இணையவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் அதைப் பாருங்கள்.

அதே ரிமோட்டை யுஎஸ்பி கம்பியால் கம்ப்யூட்டரில் செருகினால் ஜாய்ஸ்டிக். லிஃப்ட்ஆஃப், வெலோசிட்ரோன் மாதிரி ஒரு சிமுலேட்டரைப் போட்டுக்கொண்டு ஆயிரம் தடவை விழலாம், செலவில்லை. டிஜேஐயின் ஸ்டிக் ரிமோட்டும் இதைச் செய்யும். மோஷன் ரிமோட்டை வைத்து இந்தப் பழக்கம் வராது.

சட்டத்தையும் பார்த்துவிடலாம். பிரிட்டனில் 2026 ஜனவரி 1 முதல் 100 கிராமும் அதற்கு மேலும் உள்ள ட்ரோனை வெளியே பறக்கவிட, ஓட்டுகிறவருக்கு ஃப்ளையர் ஐடி வேண்டும். கேமரா இருந்தால், ட்ரோனுக்குப் பொறுப்பானவருக்கு ஆபரேட்டர் ஐடியும் வேண்டும். ஆபரேட்டருக்குப் பதினெட்டு வயதாகியிருக்க வேண்டும் என்பதால் நியோ வாங்கினால் பதிவு செய்ய வேண்டியது எங்கள் அத்தான். 80 கிராம் சீட்டஸுக்கு இந்தச் சடங்கு இல்லை. எதுவானாலும், காகிள்ஸ் மாட்டியவன் பக்கத்தில் ட்ரோனை வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் நிற்க வேண்டும். வீட்டுக்குள் ஓட்டினால் இந்தச் சட்டம் எதுவும் வராது, அம்மா சட்டம் மட்டும்தான். இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு வேறொரு சிக்கல்: 2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோன்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யத் தடை, பாகங்களுக்குத் தடையில்லை. அதனால் அங்கே இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிறவர்களில் பலர் பாகங்களை வாங்கித் தாங்களே சாலிடர் பிடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அந்த வழியில் போனாலும் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் ரிமோட்தான் முதல் செலவு.

அப்படியானால் நியோவை யார் வாங்கலாம்? ஊருக்குப் போகும்போது குளத்தையும் கோபுரத்தையும் மேலிருந்து எடுக்க ஆசைப்படுபவர், குழந்தை சைக்கிள் ஓட்டுவதைப் பின்னாலேயே போய்ப் படம் பிடிக்க நினைப்பவர், பழகுவதற்கு நேரமில்லாதவர். என் பெரியப்பாவுக்கு நியோதான், சந்தேகமே இல்லை. பறப்பதையே கற்றுக்கொள்ள வேண்டும் என்று கை துறுதுறுக்கிறவருக்கு சீட்டஸ் எக்ஸ். இரண்டு ஆசையும் இருந்து காசும் இருந்தால் டிஜேஐயிலேயே அவாட்டா 2 இருக்கிறது, ஆனால் 377 கிராம் எடையோடு ஹாலில் பழக முடியாது.

அக்கா மகனிடம் திருப்பி ஒன்றுதான் கேட்டேன்: "உனக்கு வீடியோ வேணுமா, ஓட்டணுமா?" ஒரு நிமிஷம் டைப் செய்வதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. "ஓட்டணும்" என்று வந்தது.

சீட்டஸ் எக்ஸ் வாங்கி மூன்று வாரமாகிறது. முதல் வாரம் ட்ரோனை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு ரிமோட்டை மட்டும் கம்ப்யூட்டரில் செருகச் சொன்னேன், மூன்று நாள் தாங்கினான். நேற்று பன்னிரண்டு நொடி வீடியோ ஒன்று அனுப்பியிருக்கிறான். புள்ளி மழைக்கு நடுவே சாப்பாட்டு மேசையின் அடி, ஒரு நாற்காலியின் கால்கள், அடுத்த நாற்காலியின் கால்கள், அப்புறம் திரைச்சீலை, அப்புறம் இருட்டு. தூரத்தில் அக்காவின் குரல். கீழே எழுதியிருந்தான்: "மாமா, ரெண்டு நாற்காலி தாண்டிட்டேன்!"